நாலு சாவியில் ஒரு சாவி

வாத்தியம் பழுதுபார்க்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே,

உங்கள் பத்திரிகைக்கு ஒரு வெற்றிக் கதை எழுதித் தரச் சொன்னீர்கள். முப்பத்தோரு வருடம் திண்டுக்கல்லில் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, ஆர்மோனியம், கிதார், வயலின், கான்வென்ட் பியானோ என்று வந்ததையெல்லாம் பிரித்து மாட்டியவள் நான். வெற்றிக் கதைகளை உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. வாத்தியம் வந்தது, சரி செய்தேன், எடுத்துக்கொண்டு போனார்கள். இதைப் படித்து உங்களுக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. அதனால் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தை எழுதுகிறேன். அதனால்தான் எனக்கு நாலு ஊரில் பெயர் கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால் எனக்கு அசிங்கம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. என் கொட்டகைக்கு வருகிறவர்கள் முதலில் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். "ரிப்பேர் பாக்குறவரு இல்லீங்களா?" என்று கேட்பார்கள். "எங்க வீட்டுக்காரரு பள்ளிக்கூடத்துல கணக்குப் போட்டுக்கிட்டு இருக்காரு. வாத்தியத்தை என்கிட்டக் குடுங்க" என்பேன். ஸ்க்ரூ டிரைவரில் பிடி எது, முனை எது என்பதில் என் கணவருக்கு இன்றுவரை ஒரு தயக்கம் உண்டு. ஆனாலும் வருகிறவர்கள் நம்பிக்கை அவர் மேல்தான்.

அப்படி எட்டிப் பார்க்காமல் நேராக என்னிடம் பேசிய ஆள் மாஸ்டர். பெயர் வேண்டாம், மாஸ்டர் என்றே இருக்கட்டும். சென்னையில் சினிமா ஆர்கெஸ்ட்ராக்களில் இருபது வருடம் பாஸ் வாசித்தவர். வயலினை ஆள் உயரத்துக்கு வளர்த்து நிற்க வைத்தால் எப்படி இருக்குமோ அந்தப் பெரிய பாஸ். கீபோர்டு வந்தது. அவர் இரண்டு கையாலும் இழுத்து உருவாக்கிய சத்தத்தை ஒருவன் இடது கைச் சுண்டுவிரலால் அமுக்கினான். மாஸ்டர் வாத்தியத்தை விற்றுவிட்டு ஊருக்கு வந்து, அக்கா வீட்டு மாடியில் தங்கி, வெங்காய மண்டி ஒன்றில் மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

ஒரு நாள் கையில் ஒரு கடிதத்தோடும், ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் கிழித்த படத்தோடும் வந்தார். கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியில் பெரிய தந்தி வாத்தியங்கள் கற்றுக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள். மூன்று மாதம் கழித்துத் தேர்வு. சொந்த வாத்தியத்தோடு வந்து வாசித்துக் காட்ட வேண்டும்.

"வயசு அம்பத்தொண்ணு ஆச்சு மேரிம்மா" என்றார். "இதை விட்டா எனக்குத் தராசுதான்."

படத்தில் இருந்தது மின்சாரப் பாஸ். நின்றுகொண்டு வாசிப்பதுதான், ஆனால் வயிறு கிடையாது. நீளமான ஒரு கட்டை, நாலு கம்பி, கீழே ஊன்றிக்கொள்ள ஒரு கால். கம்பியின் அதிர்வைக் கீழே காசு மாதிரி ஒரு சின்ன வில்லை, பிக்கப் என்பார்கள், வாங்கிக் கொடுக்க, மீதியை ஆம்ப்ளிஃபையர் பார்த்துக்கொள்ளும். வயிறு வைத்த பாஸ் செய்ய எனக்கு ஒரு வருடமாவது ஆகும், செய்தாலும் அது பஸ்ஸில் ஏறாது. இந்தக் கட்டையைச் செய்துவிடலாம் என்று சொன்னேன். அதற்கு முன் நான் எந்த வாத்தியத்தையும் முழுதாகச் செய்தது கிடையாது. அதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மரவேலையை எல்லாம் விவரித்து உங்களை அறுக்கப் போவதில்லை. இடித்த வீட்டிலிருந்து வாங்கிய தேக்கு உத்தரம், விரல் ஓடும் பலகைக்கு ஈட்டி மரம், செதுக்கினேன், இழைத்தேன், கையில் கொப்புளம். எதிர் வீட்டு அம்மா ஒரு மாதம் வேடிக்கை பார்த்துவிட்டு, "உலக்கைக்கு எதுக்கு மேரி இம்புட்டு பாலிஷு?" என்று கேட்டார்.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். வீணையிலும் கிதாரிலும் இருப்பதுபோல இந்த வாத்தியத்தின் பலகையில் மெட்டுகள் கிடையாது. வயலின் மாதிரி வழவழவென்று இருக்கும். எங்கே அழுத்தினால் எந்தச் சுரம் என்பதை விரலும் காதும்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாஸ்டர் வெகுநாள் தொடாமல் இருக்கிறாரே என்று இரக்கப்பட்டு, பலகையின் ஓரத்தில் சுர இடங்களுக்கு நேராக வெள்ளைப் புள்ளிகள் பதித்தேன். ரொம்ப நுணுக்கமான வேலை. அவர் பார்த்துவிட்டு, "இது எதுக்கு மேரிம்மா? காது இருக்குல்ல?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. புள்ளிகளை எடுக்கவில்லை.

கம்பிகளைத் தற்காலிகமாகக் கட்டி முதல் முறை ஆம்ப்ளிஃபையரில் மாட்டியபோது வந்தது இசை இல்லை, "உம்ம்ம்" என்று ஒரு இரைச்சல். மூன்று நாள் வில்லையைக் கழற்றி மாட்டினேன், கம்பி இணைப்புகளை மாற்றினேன், தேக்கைக்கூடச் சந்தேகப்பட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் என் கணவர் காப்பி டம்ளரோடு வந்து, சும்மா இருக்க மாட்டாமல் ஒரு கம்பியைப் பிடித்தார். இரைச்சல் நின்றது. கையை எடுத்தார், மறுபடி "உம்ம்ம்". "என்னையும் வாத்தியத்தோட அனுப்பி வச்சிரு" என்றார். வீட்டில் எர்த் சரியில்லை, அவ்வளவுதான். போர்வெல் குழாயிலிருந்து ஒரு ஒயர் இழுத்ததும் அடங்கிவிட்டது. பெரிய தப்பாகத் தேடுகிறவர்கள் கண்ணில் சின்னத் தப்பு படாது. இது நான் செய்த முட்டாள்தனம் இல்லை, அதற்கான ஒத்திகை.

கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிருடைகளில்தான் வந்தது வினை. பாஸ் கம்பி தடிமன். அதன் இழுவைக்குக் கிதார் பிருடை வாய் பிளந்துவிடும். வெளிநாட்டுச் சாமான் வரவழைக்க நேரமும் இல்லை, வழியும் தெரியவில்லை. திண்டுக்கல்லில் உறுதியாக ஒன்று வேண்டும் என்றால் எங்கே போவார்கள்? நல்லாம்பட்டியில் பூட்டுப் பட்டறை வைத்திருந்த சவரிமுத்து அண்ணனிடம் போனேன். எங்கள் கோவிலில் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருபவர். அவர் செய்த பூட்டைச் சாவி தொலைத்தவர்கள் திறந்ததில்லை, கதவைத்தான் உடைத்திருக்கிறார்கள்.

படம் வரைந்து, அளவு போட்டு, தடிமன் நீளம் எல்லாம் நூல் பிசகாமல் எழுதிக் கொடுத்தேன்.

"கம்பியை இழுத்துப் பிடிக்கணும்ண்ணே. தானா நழுவக் கூடாது. மலைக்கு பஸ்ல போற சாமான், கூட்டத்துல எவனும் கை வச்சுத் திருகிடவும் கூடாது."

"எவனும் திருகக் கூடாது" என்று அவர் திருப்பிச் சொல்லிக்கொண்டார். அந்த ஒரு வாக்கியம்தான் அவருக்குப் புரிகிற பாஷையில் நான் சொன்னது.

மூன்று வாரத்தில் நாலு பித்தளைப் பெட்டிகள் வந்தன. ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. காது கிடையாது, பிடி கிடையாது, பின்னால் ஒரு சாவித் துவாரம் மட்டும். சாவியைப் போட்டுத் திருகினால் உள்ளே பல் சக்கரம் ஓடிக் கம்பி மயிரிழை மயிரிழையாக ஏறும். சாவியை எடுத்துவிட்டால் கல்லு மாதிரி நிற்கும். அவரே வந்து நாலையும் பொருத்தி, நாலிலும் சாவியை மாட்டிவிட்டுப் போனார். அப்படி ஒரு வேலையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாஸ்டர் சுருதி சேர்த்தார், நானும் சேர்த்தேன். ஒரு வாரம் அந்தச் சாவிகள் அந்தந்தத் துவாரத்திலேயே இருந்தன. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புகிற நாள் வந்தது. கூடவே வரச் சொன்னார் மாஸ்டர். புது வாத்தியம், ஏதாவது ஆனால் செய்தவள் பக்கத்தில் இருப்பது நல்லது என்றார். காலையில், ஸ்கூட்டர் சீட்டு தைப்பவரிடம் தைத்து வாங்கிய ரெக்சின் உறையில் பாஸைப் போட்டேன். பின்னால் நீட்டிக்கொண்டிருந்த சாவிகள் உறையில் இடித்தன. நாலையும் உருவினேன். நாலும் பார்க்க ஒரே அச்சு.

இப்போது என் மண்டைக்குள் என்ன ஓடியது என்று சொல்கிறேன். கான்வென்ட் பியானோவில் கம்பிகளை முறுக்கி நிறுத்த இருநூற்றுச் சொச்சம் முளைகள் உண்டு. அத்தனையையும் ஒரே சாவியால்தான் திருகுவேன். சாவி என்றால் எனக்கு அதுதான். ஆகவே நாலு எதற்கு, ஒன்று போதும், மீதி மூன்றும் மலையில் தொலையாமல் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். மூன்றையும் ஒரு நூலில் கோத்துச் சமையலறை ஆணியில் மாட்டினேன். ஒன்றைப் பர்சில் போட்டுக்கொண்டேன். இவ்வளவு முன்யோசனைக்காக என்னை நானே மெச்சிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது.

பஸ்ஸில் கண்டக்டர் உறையைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"ஏக்கா, உள்ள என்ன? ஆளு கீளு இல்லையே?"

"வாத்தியம் தம்பி."

"வாத்தியம்னா வாசிச்சுக் காட்டுங்க."

மாஸ்டர் உறையைக் கொஞ்சம் திறந்து ஒரு கம்பியைச் சுண்டினார். ஆம்ப்ளிஃபையர் இல்லாத மின்சாரப் பாஸ், என்ன சத்தம் வரும்? கண்டக்டர் காதைக் கொண்டுபோய் ஒட்டி வைத்துக் கேட்டார். "இந்தக் கொசுச் சத்தத்துக்கா இம்மாம் பெரிய கட்டை?" என்று பரிதாபப்பட்டு, பின் சீட்டில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். மலையேறும்போது மாஸ்டர் அதை மடியில் குறுக்கே போட்டு இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவர் விரல்கள் உறையின் மேலேயே எதையோ வாசித்துக்கொண்டு வந்தன.

பள்ளியில் எங்களை இசை அறையில் உட்கார வைத்தார்கள். வெளியே பனி, உள்ளே பியானோவும் பள்ளியின் ஆம்ப்ளிஃபையரும். இன்னும் நாற்பது நிமிடத்தில் முதல்வரம்மா வருவார்கள், இசை ஆசிரியர் பியானோ வாசிக்க நீங்கள் கூடச் சேர்ந்து வாசிக்க வேண்டும், மதியம் அம்மா வெளியூர் கிளம்புகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார் எழுத்தர். மாஸ்டர் முகம் கழுவப் போனார். நான் உறையைத் திறந்து ஒவ்வொரு கம்பியாகச் சுண்டினேன். திண்டுக்கல் வெயிலில் சேர்த்த சுருதி, கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி, மலைக் குளிரில் கலைந்து போயிருந்தது. ஒன்று இறங்கியிருந்தது, ஒன்று ஏறியிருந்தது. இது எதிர்பார்த்ததுதான். பர்சிலிருந்து சாவியை எடுத்தேன்.

முதல் துவாரத்தில் சாவி நுழையவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் நுழைந்து, வெண்ணெய் மாதிரி திரும்பியது. அப்பாடா என்று நாலாவதுக்குப் போனேன். நுழையவில்லை.

மறுபடி முதலில் இருந்து போட்டுப் பார்த்தேன். சாவியைத் துடைத்துப் போட்டேன், தலைகீழாகப் போட்டேன், மாதாவை வேண்டிக்கொண்டு போட்டேன். பிறகு சாவியின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதில் மூன்று வெட்டு இருந்தது. வீட்டில் மாட்டிவிட்டு வந்த மூன்றில் எத்தனை வெட்டு இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு வாரம் கையில் வைத்திருந்தும் நான் பார்க்கவே இல்லை.

கொண்டை ஊசியை எடுத்து நெம்பினேன், வளைந்தது. திண்டுக்கல் பூட்டைக் கொண்டை ஊசியால் திறக்கப் பார்த்த திண்டுக்கல்காரி அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கருவிப் பையிலிருந்து இடுக்கியை எடுத்தவள், ஏனோ நிறுத்திவிட்டு, வாசலுக்கு வெளியே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். சவரிமுத்து அண்ணனின் பட்டறைக்குப் பக்கத்து டீக்கடைக்குப் போன் போட்டு அவரைக் கூப்பிடச் சொன்னேன்.

"அண்ணே, மேரி பேசுறேன், கொடைக்கானல்ல இருந்து. ஒரு சாவிதான் கொண்டாந்தேன். மத்த மூணுக்கும் சேர மாட்டேங்குது."

"எப்படிச் சேரும்?"

"நாலும் ஒரே மாதிரிதானண்ணே இருந்துச்சு?"

"பாக்கத்தான் ஒண்ணு. வெட்டு வேற வேற. ஒரு சாவி நாலு பூட்டத் திறந்துச்சுன்னா அதுக்குப் பேரு பூட்டா தங்கச்சி?"

"சாவி இல்லாமத் திருக ஏதாச்சும் வழி இருந்தாச் சொல்லுங்கண்ணே. செத்த நேரந்தான் இருக்கு."

"வழியே கெடையாது." அவர் குரலில் துளி வருத்தம் இல்லை, பெருமைதான் இருந்தது. "இடுக்கி போட்டா இடுக்கி வாய் போயிரும். ஆணிய விட்டு நெம்புனா உள்ளயே முறிஞ்சு கெடக்கும், அப்பறம் என்னாலயே எடுக்க ஏலாது. அம்புட்டு பந்தோபஸ்தாப் பண்ணியிருக்கேன்."

"அண்ணே..."

"எவனும் திருகக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீக? பஸ்ல எவனாச்சும் திருகுனானா?"

"இல்லண்ணே."

"அப்பறம் என்ன?" என்று வைத்துவிட்டார்.

பூத்திலிருந்து இசை அறைக்கு நூறு அடி இருக்கும். தம்பி தங்கைகளே, என் முப்பத்தோரு வருடத்தில் நீளமான வேலை அந்த நூறு அடிதான். வீட்டிலிருந்து சாவி வர மூன்றரை மணி நேரம். இடுக்கியைப் போட்டால் இருக்கிற சுருதியும் போகும். அதனால் வாத்தியத்துக்குச் செய்ய எதுவுமே இல்லை. மீதி இருந்தது மாஸ்டரிடம் என்ன சொல்வது என்பதுதான். "குளிருக்குப் பிருடை இறுகிப் போச்சு மாஸ்டர்" என்று சொல்லலாம். அவர் நம்புவார். குளிர் வந்து மறுக்கப் போவதில்லை. நல்ல பொய், கையில் தயாராக இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அவர் இளக்கப் பார்ப்பார், சூடு காட்டச் சொல்வார், இருக்கிற இருபது நிமிடமும் இல்லாத நோய்க்கு மருந்து தேடுவதில் போய்விடும். நான் உத்தமி என்று உண்மையைச் சொல்லவில்லை. அவருக்கு அந்த இருபது நிமிடம் வேண்டும் என்றுதான் சொன்னேன்.

"மாஸ்டர், மூணு சாவிய வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன். நாலும் ஒண்ணுன்னு நெனச்சேன். என் தப்பு. மூணு கம்பியத் தொட முடியாது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. துண்டால் கையைத் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"இருவது வருஷம் வாசிச்சவன் மேரிம்மா நான்" என்றார். "இன்னைக்கு ஒரு நாளு..." என்று நிறுத்தினார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அழுகை வந்தது. அழுதால் அதையும் அவர்தான் சமாதானம் செய்ய வேண்டும் என்று அடக்கிக்கொண்டேன்.

பிறகு கையை நீட்டினார். "எந்தச் சாவி இருக்கு? குடுங்க."

மூன்றாவது கம்பியைப் பியானோவுக்குச் சரியாகச் சேர்த்தார். அதன்பின் கண்ணை மூடிக்கொண்டு மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகச் சுண்டினார். "இது ஒரு விரக்கட மேல... இது அரை விரக்கட கீழ... இவன் ரொம்பக் கீழ போயிட்டான்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். மறுபடி, மறுபடி. மூட்டைகளின் எடையை மனதில் வாங்கிக்கொள்கிற மாதிரிதான் இருந்தது. நான் பேசவில்லை. அந்த இருபது நிமிடத்தில் நான் செய்த ஒரே நல்ல வேலை அதுதான்.

முதல்வரம்மா வந்தார்கள். கூடவே மேல்படிப்பு படித்த ஓர் இளம் இசை ஆசிரியர் வந்து பியானோவில் உட்கார்ந்தார். அவரும் மாஸ்டரும் சேர்ந்து வாசித்தார்கள்.

நான் மாஸ்டரின் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பதித்த வெள்ளைப் புள்ளிகளில் ஒன்றின் மேலும் அந்த விரல்கள் நிற்கவில்லை. ஒரு கம்பியில் புள்ளிக்கு மேலே, அடுத்ததில் கீழே, மூன்றாவதில் மட்டும் நேராக. விரல் வைக்காமல் வெறும் கம்பியைச் சுண்ட வேண்டிய இடங்களில் எல்லாம் வேறு எங்கோ போய் அதே சுரத்தை எடுத்து வந்தார். பியானோவோடு ஒரு சுரம் பிசகவில்லை. என் புள்ளிகள் வரிசையாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தன, அவர் அவற்றைப் பார்க்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

முடிந்ததும் இசை ஆசிரியருக்கு ஆசை வந்துவிட்டது. "நான் ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாமா?" என்று வாங்கினார். மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஆசிரியர் முறையாகப் படித்தவர், புள்ளிகளைப் பார்த்து விரல் வைத்தார். வெறும் கம்பிகளையும் தாராளமாகச் சுண்டினார். ஆம்ப்ளிஃபையரிலிருந்து வந்ததை இசை என்று சொல்ல முடியாது. இன்னொரு முறை முயன்றார், முகம் சிவந்தது. வாத்தியத்தை இரண்டு கையாலும் பயபக்தியோடு மாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"மேடம், இது சாதாரண வாத்தியம் இல்லை" என்றார் முதல்வரம்மாவிடம். "இதை வாசிக்கத் தனிப் பயிற்சி வேணும். இவரை மாதிரி ஆளுங்களால மட்டும்தான் முடியும்."

முதல்வரம்மா என் பக்கம் திரும்பி, "நீங்களா செஞ்சது?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது நல்ல பழக்கம். ஜூன் மாதம் வேலையில் சேரச் சொல்லி மாஸ்டருக்கு அங்கேயே உத்தரவு கிடைத்தது. பிறகு ஒரு வருடத்துக்கு மதுரை, திருச்சி, பழனி என்று எங்கெங்கிருந்தோ வாத்தியங்கள் என் கொட்டகைக்கு வந்தன. "அபூர்வமான பாஸ் செஞ்ச அம்மா" என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவரும் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, "பாத்தீங்களா அக்கா, தப்பும் நல்லதுக்குத்தான்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். என் தப்பு நல்லதுக்கு ஆகவில்லை. என் தப்பை ஒரு மனுஷன் இருபது வருடக் காதைச் செலவழித்து மூடினார். அந்தக் காது அன்றைக்கு ஒரு மயிரிழை பிசகியிருந்தால் அவர் திரும்பவும் வெங்காய மண்டிக்குப் போயிருப்பார், நான் இந்தக் கதையை யாருக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

மலையிறங்குகையில் பஸ் வத்தலக்குண்டில் நின்றபோது, "டீ குடிக்கிறீங்களா மேரிம்மா?" என்றார். அவ்வளவுதான். குடித்தேன். டீ ஆறிப்போயிருந்தது, நன்றாக இருந்தது.

மறுநாளே சவரிமுத்து அண்ணனிடம் சண்டைக்குப் போனேன்.

"வெட்டு வேறன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"ஒரே வெட்டா வேணும்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

யோசித்துப் பார்த்தால், நாலு பிருடைக்கு நாலு வெட்டு என்பது சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. இருநூறு முளைக்கு ஒரே சாவி என்பது எனக்கு அப்படித்தானே? உங்களிடம் இன்றைக்கு எல்லாச் சாமானும் பெட்டியில் வீடு தேடி வருகிறது. ஆனாலும் ஒரு நாள் நீங்களும் வேறு தொழில்காரரிடம் போய் நிற்பீர்கள். அளவைச் சரியாகக் கொடுங்கள், அது போதாது. "நான் ஒண்ணும் சொல்லலைன்னா நீங்க இதை எப்படிப் பண்ணுவீங்க?" என்று ஒரு முறை கேளுங்கள். அப்போதுதான் அவர் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தது வெளியே வரும்.

"சரி, மறு சாவி ஒரு செட்டு போட்டுக் குடுங்க. இந்தாங்க, நாலும் இருக்கு" என்று சாவிகளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"பூட்டும் வரணும், உடையவரும் வரணும். சாவிய மட்டும் கொண்டாந்தா யாருக்கும் மறு சாவி போட மாட்டேன். எங்கப்பாவே வந்து கேட்டாலும்."

ஆக, மாஸ்டரும் நானும் பாஸைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் நல்லாம்பட்டி போனோம். பிருடை பொருத்த வந்தபோது தலைப்பக்கத்தோடு நின்றுவிட்ட அண்ணன், வாத்தியத்தை அப்போதுதான் முழுதாகப் பார்த்தார். "வாசிங்க கேப்போம்" என்றார். கொசுச் சத்தம்தான் வந்தது. பட்டறையில் அராவிக்கொண்டிருந்த எல்லா அரங்களும் நின்றன. அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பிருடை நழுவுதா?" என்று மட்டும் கேட்டார். நழுவவில்லை என்றார் மாஸ்டர். அண்ணனுக்கு அதற்கு மேல் இசையைப் பற்றிக் கேட்க எதுவும் இல்லை.

ஜூனில் மாஸ்டர் விடைபெற வந்தார். நாலு சாவிகளையும் ஜெபமாலை மாதிரி ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். அந்தப் பள்ளியில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் வெகுகாலம் அவரை ஸ்டோர் கீப்பர் என்றே நினைத்தார்களாம். வாசலில் நின்று, சட்டைப் பையிலிருந்து மறு சாவிக் கொத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது உங்ககிட்ட இருக்கட்டும் மேரிம்மா."

"என்கிட்டயா மாஸ்டர்?"

"ஆமா. வேற யாருகிட்டக் குடுக்க?"

மூன்று சாவிகளை வீட்டில் விட்டுவிட்டு வந்தவளிடம்தான் அந்த மனிதர் மறு சாவியைக் கொடுத்தார். அது நம்பிக்கையா, அல்லது என்னை யாரும் அதுவரை திட்டாத அளவுக்குத் திட்டினாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வாங்கிச் சமையலறை ஆணியில், அதே ஆணியில், மாட்டினேன்.

அவர் ஓய்வு பெற்று மலையிலேயே தங்கிவிட்டார். பாஸும் அவரோடுதான் இருக்கிறது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போன் செய்வார். வாழ்த்துச் சொல்லிவிட்டு, வைக்கும் முன்பு கேட்பார்.

"சாவி இருக்கா மேரிம்மா?"

"இருக்கு மாஸ்டர்."

"எத்தனை?"

எனக்குத் தெரியும். ஆனாலும் போனைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய், கொத்தைக் கையில் எடுத்து, ஒவ்வொன்றின் வெட்டையும் வெளிச்சத்தில் பார்த்து எண்ணிவிட்டு வந்துதான் பதில் சொல்வேன்.